வெள்ளி நாணயத்தை மோதிரமாக்குவது: எல்லாம் துளையின் ஓரத்தில்

கேள்வி இதுதான்: பழைய வெள்ளி நாணயத்தை, அதன் எழுத்தும் சித்திரமும் அழியாமல், வீட்டுப் பட்டறையிலேயே மோதிரமாக்க முடியுமா? தட்டத் தட்ட விரிசல் விடுவது ஏன்?

முடியும். உருக்க வேண்டாம், ஒட்டு வைக்க வேண்டாம். நடுவில் துளை போட்டு, மீதியுள்ள வளையத்தைக் குடை மடக்குவதுபோல் கீழ்நோக்கி மடித்துக் கொண்டுவந்தால் நாணயமே மோதிரமாகிவிடும். ஒரு முகம் வெளிப்பக்கமும் மறுமுகம் விரலைத் தொடும் உட்பக்கமும் நிற்கும். விரிசல் ஏறக்குறைய எப்போதுமே ஒரே இடத்தில்தான் தொடங்கும்: துளையின் ஓரம். ஏன் அங்கே என்பது புரிந்துவிட்டால் மற்ற வேலையெல்லாம் பொறுமை சம்பந்தப்பட்டதுதான்.

முதலில் சட்டம், ஏனென்றால் இந்தியாவில் இதைப் பலர் கவனிப்பதில்லை. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, செல்லுபடியாகும் நாணயத்தை உருக்குவது, சிதைப்பது, பணமாக அல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது எல்லாவற்றையும் தடை செய்கிறது. சிதைத்த நாணயத்தைக் கையில் வைத்திருப்பதுகூடக் குற்றம். 13ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 10 ரூபாய் நாணயத்தின் நடுவட்டைத் தட்டி எடுத்துவிட்டு வெளிவளையத்தை மோதிரமாக்குவது விளையாட்டாகத் தோன்றலாம்; அது இந்தப் பிரிவுக்குள்தான் வரும். அரசு வெளியிடும் நினைவு நாணயங்களும் அப்படியே. அமெரிக்காவில் நிலை வேறு. அங்குள்ள சட்டம் ஏமாற்றும் நோக்கத்தோடு நாணயத்தை மாற்றுவதையே குற்றமாக்குகிறது. அதனால் நாணய மோதிரம் அங்கே வெளிப்படையாக நடக்கும் கைத்தொழில். அங்கே வசிக்கும் நம்மவர்கள் இதில் இறங்கத் தடையில்லை.

பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாய் இன்று செல்லுபடியாகும் பணம் அல்ல. ஆனால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், 100 ஆண்டுக்குக் குறையாத நாணயத்தைத் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வைக்கிறது. விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் எல்லாமே அந்த வயதைத் தாண்டிவிட்டன. அவற்றில் கை வைக்காதீர்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய், அரசரின் உடையிலிருந்த யானை பன்றிபோலத் தெரிகிறது என்று திரும்பப் பெறப்பட்டது. அப்படி ஒன்று பாட்டியின் சுருக்குப்பையில் இருந்து அதைத் துளைத்துவிட்டால் பிறகு யாராலும் அதைத் திருப்பித் தர முடியாது. மிஞ்சுவது ஆறாம் ஜார்ஜ் ரூபாய். அதிலும் 1939ஆம் ஆண்டு ரூபாய் அரியது. 1940 முதல் 1945 வரை வந்தவற்றில் வெள்ளி பாதிதான். மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். அடிக்கக் கொஞ்சம் கடினமாக இருக்கும், சூடு பட்டதும் கன்னங்கரேலென்று ஆகும். தவிர, அந்த ரூபாயில் ஆண்டு எண் நடுவில் இருப்பதால் துளையோடு போய்விடும். பூவேலைப்பாடு மட்டும் தங்கும்.

ஆகவே கற்றுக்கொள்ள ஏற்றது அமெரிக்க வெள்ளி நாணயம்தான். 1964 வரை வந்த டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்), அரை டாலர் எல்லாம் 90 சதவீதம் வெள்ளி, 10 சதவீதம் செம்பு. மோதிரத்துக்கு என் முதல் தேர்வு 1964ஆம் ஆண்டு கென்னடி அரை டாலர்: விட்டம் 30.6 மி.மீ., எடை 12.5 கிராம், விளிம்பில் தடிமன் 2.15 மி.மீ. கழுகு இருக்கும் பக்கத்தில் எழுத்துகள் விளிம்பை ஒட்டி ஓடுகின்றன; அதற்கு உள்ளே 50 நட்சத்திரங்கள் வட்டமாக நிற்கின்றன. நடுப்பகுதியை எடுத்துவிட்டாலும் இவை தப்பிவிடும். 1965 முதல் 1970 வரையிலான கென்னடி அரை டாலரில் வெள்ளி 40 சதவீதம்தான், எடை 11.5 கிராம். எடை போட்டாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

1965 முதல் வந்த குவார்ட்டர், செம்பு நடுவில் வைத்து இருபுறமும் செம்பு நிக்கல் கலவை ஒட்டிய அடுக்கு. பழகுவதற்கு மலிவு. ஆனால் ஓரத்தில் சிவப்புக் கோடு தெரியும், விரலில் பச்சை படியும், நிக்கல் ஒவ்வாதவர்களுக்குச் சொறி வரும். 1982க்குப் பிறகு வந்த ஒரு சென்ட்டைத் தீயில் காட்டவே கூடாது. உள்ளே இருப்பது துத்தநாகம். 419 டிகிரியில் உருகி ஒழுகும், அதன் புகை நெஞ்சைப் பிடிக்கும்.

டாலர் நாணயங்களில் போலி நிறைய. காந்தத்தில் ஒட்டுகிறதா, எடை சரியா என்று பார்த்தபின், இன்னொரு சோதனையும் செய்யலாம். தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். 90 சதவீத வெள்ளியின் அடர்த்தி சுமார் 10.3. ஆகவே 12.5 கிராம் நாணயத்துக்குத் தராசு 1.21 கிராம் காட்ட வேண்டும். 1.4 காட்டினால் அது வெள்ளியே அல்ல.

இனி அளவு. இங்கே ஒரு சின்னக் கணக்கு பெரிய உதவி செய்யும். நாணயம் மோதிரமாகும்போது வெளிவிளிம்பு சுருங்குகிறது, துளையோரம் விரிகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள வட்டம் அதிகம் மாறுவதில்லை. 30.6 மி.மீ. நாணயத்தில் 12.7 மி.மீ. துளை போட்டால் நடுவட்டம், இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்க, 21.65 மி.மீ. அதில் உலோகத்தின் தடிமன் சுமார் 2 மி.மீ. கழித்தால் உள்விட்டம் 19.6 மி.மீ. ஆண்களின் சற்றுப் பெரிய விரலுக்கு இது இயல்பாக வரும் அளவு. பட்டையின் அகலம் 9 மி.மீ. அருகில் இருக்கும். குவார்ட்டர் 24.3 மி.மீ.; 11.1 மி.மீ. துளை போட்டால் அதே கணக்கில் உள்விட்டம் 16 மி.மீ., அகலம் ஆறரை. இந்த இயல்பான அளவிலிருந்து ஒன்று, ஒன்றரை மி.மீ. வரை கூட்டிக் குறைக்கலாம். அதற்கு மேல் இழுத்தால் நாணயம் உங்களோடு சண்டை போடும். மெல்லிய விரலுக்கு அரை டாலரைச் சுருக்கப் பாடுபடுவதைவிடக் குவார்ட்டரை எடுப்பது நல்லது. அகலமான பட்டை விரலைப் பிடிக்கும் என்பதால், வழக்கமாகப் போடும் மெல்லிய மோதிரத்தின் அளவைவிடக் கால் மி.மீ. கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது விரிசலின் காரணம் கண்ணுக்குத் தெரியும். 12.7 மி.மீ. துளையின் சுற்றளவு 40 மி.மீ. மோதிரமானபின் அதே ஓரம் 61 மி.மீ. தாண்டுகிறது. அதாவது துளையோர உலோகம் ஒன்றுக்கு ஒன்றரையாக நீள வேண்டும். வெள்ளி எவ்வளவு இளகிய உலோகமானாலும் இதை ஒரே மூச்சில் தாங்காது. அந்த ஓரத்தில் மயிரிழை அளவு கீறலோ பிசிறோ இருந்தால் இழுவிசை முழுவதும் அங்கே போய்ச் சேரும். கிழிசல் அங்கிருந்து ஓடும். துணியின் ஓரத்தில் கத்தரியால் சிறு வெட்டு வைத்துவிட்டு இழுப்பதுபோல.

அதனால் துளை சுத்தமாக விழ வேண்டும். நகைக்கருவிக் கடைகளில் கிடைக்கும் வட்டு வெட்டும் பஞ்ச் சிறந்தது. நாணயத்தை நடுவில் பிடித்துவைக்கும் வளையத்தைப் போட்டு, பஞ்சின் முனையில் துளி எண்ணெய் தடவி, கனமான சுத்தியலால் ஒரே அடி, அல்லது கையால் இயக்கும் பிரஸ். நடு தவறினால் பிறகு திருத்தம் கிடையாது. துளை அரை மி.மீ. விலகினால் ஒரு பக்கம் அரை மி.மீ. கூடி மறுபக்கம் அரை மி.மீ. குறையும், முடிந்த மோதிரத்தில் ஒரு மி.மீ. வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பஞ்ச் இல்லையென்றால் நடுவில் சிறு துளை போட்டு, கம்பிபோல மெல்லிய அலகு மாட்டும் நகைப்பட்டறை ரம்பத்தால் வட்டமாக அறுத்து, அரைவட்ட அரத்தால் சரிசெய்யலாம். நேரம் பிடிக்கும், ஆனால் முடியும். டிரில் இயந்திரத்தில் துளைத்தால் நாணயத்தைக் கையால் பிடிக்கவே கூடாது. அலகு மாட்டிக்கொண்டால் நாணயம் சுழலும் கத்தியாகிவிடும்.

துளை விழுந்ததும் அதன் இரு ஓரங்களையும் வட்ட அரத்தால் லேசாக உருட்டி, 400, பிறகு 600 நம்பர் உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள். ஓரத்தை விரல் நகத்தால் சுற்றிவர வருடிப் பாருங்கள். எங்காவது நகம் தடுக்கினால் அங்கேதான் நாளை விரிசல் வரும். இந்தப் பத்து நிமிட வேலையைத் தவிர்த்துவிட்டு மேலே போகிறவர்கள்தான் பெரும்பாலும் நாணயத்தைப் பறிகொடுக்கிறார்கள்.

அடுத்தது சூடேற்றி இளக்குவது. மடக்கும் வேலைக்கு முன் ஒரு முறை, பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முறை. மொத்தம் நான்கைந்து தடவை வரும். எண்ணெய்ப் பசை போகச் சோப்பு நீரில் கழுவித் துடைத்து, தீச்செங்கல்லின்மேல் வைத்து, கேஸ் டார்ச்சின் மென்மையான அகலச் சுடரை வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருங்கள். வேண்டிய சூடு 600 முதல் 650 டிகிரி. இந்தக் கலவை 780 டிகிரி அருகில் உருகத் தொடங்கும். இடைவெளி அவ்வளவுதான். ஒரே இடத்தில் சுடரை நிறுத்தினால் முதலில் கரைவது மெல்லிய எழுத்துகள். "லிபர்ட்டி" என்ற சொல் வெண்ணெய்போல் வழிந்துவிடும். வெளிச்சம் குறைந்த இடத்தில் செய்யுங்கள். இருட்டில் மங்கலான செம்மை தெரிந்தவுடன் நிறுத்திவிடலாம். பட்டப்பகலில் அந்தச் செம்மை கண்ணுக்குத் தெரியாது. தெரியும்போது சூடு எல்லை தாண்டியிருக்கும். பெர்மனென்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்து, அது மறைவதைப் பார்த்து நிறுத்துகிறவர்களும் உண்டு. செம்மை அடங்கியதும் தண்ணீரில் போடுங்கள். எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இறுகும். வெள்ளியும் செம்பும் சேர்ந்த இந்தக் கலவைக்கு அது நேர்மாறு. மெல்ல ஆறவிட்டால்தான் கொஞ்சம் இறுகும்.

இளகிவிட்டதா என்று காதாலேயே தெரிந்துகொள்ளலாம். இளகிய நாணயத்தைக் கல்லின்மேல் போட்டால் மரத்துண்டுபோல் மந்தமாகச் சத்தம் வரும். தட்டித் தட்டி இறுகியபின் அதே நாணயம் கணீரென்று ஒலிக்கும். வேலைக்கு நடுவே சத்தம் கணீரென்று மாறினால் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு டார்ச்சை எடுங்கள். இன்னும் இரண்டு அடிதானே என்று நினைக்கும் அந்த நேரத்தில்தான் துளையோரம் பிளக்கும்.

சூடு பட்ட நாணயம் கருத்திருக்கும். அந்தக் கருமை செம்பின் ஆக்சைடு. வெதுவெதுப்பான தண்ணீரில் எலுமிச்சை உப்பைக் கரைத்து, ஒரு டம்ளருக்கு இரண்டு மேசைக்கரண்டி, அதில் பதினைந்து இருபது நிமிடம் ஊறவிட்டால் போய்விடும். இரும்புச் சாமணத்தை அந்தக் கரைசலில் விடாதீர்கள். கரைந்திருக்கும் செம்பு வெள்ளியின்மேல் படிந்து நாணயம் சிவந்து வெளிவரும். செம்பு, மூங்கில், பிளாஸ்டிக் எதுவானாலும் சரி. கரைசலிலிருந்து எடுத்தபின் நன்றாகக் கழுவுங்கள்.

மடக்குவதற்கு முன் எந்த முகம் வெளியே வர வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். எஃகுக் கூம்புக் கம்பியான மாண்ட்ரலை வைஸில் (மேசையில் இறுக்கிப் பிடிக்கும் கருவி) நேராக நிறுத்தி, நாணயத்தைத் துளை வழியாக அதன்மேல் போடும்போது எந்த முகம் மேலே பார்க்கிறதோ அதுதான் மோதிரத்தின் வெளிப்பக்கம். கென்னடி அரை டாலருக்குக் கழுகுப் பக்கம் மேலே இருக்கட்டும். உட்பக்கச் சித்திரம் எஃகில் நசுங்காதிருக்க, மாண்ட்ரலில் இரண்டு சுற்று மெல்லிய தோலோ தடித்த காகிதமோ சுற்றிக்கொள்ளுங்கள்.

தட்டுவதற்கு இரும்புச் சுத்தியல் வேண்டாம். நைலான் சுத்தியல், தோல் சுத்தியல், அல்லது முகம் வழவழப்பான கொட்டாப்புளி. நாணயத்தின் மேல்முகத்தில், துளைக்கும் விளிம்புக்கும் நடுவே, சற்றுச் சாய்த்து ஒரு அடி. பிறகு நாணயத்தைக் கொஞ்சம் சுழற்றி அடுத்த அடி. ஒரு முழுச் சுற்றில் முப்பது அடிகள் விழலாம்; ஒவ்வொன்றும் மெதுவாக. ஒரே இடத்தில் பலமாக அடித்தால் அங்கே பள்ளம் விழும், எதிர்ப்பக்கம் மேலெழும், வட்டம் போய்விடும். இரண்டு மூன்று சுற்றில் நாணயம் தட்டையான தொப்பிபோல் வளையும். 30 டிகிரி அளவு சாய்ந்ததும் ஒரு இளக்கல். 60 டிகிரி வந்ததும் அடுத்தது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் துளையோரத்தை வெளிச்சத்தில் பார்த்து, சொரசொரப்பு தெரிந்தால் உடனே உப்புத்தாள் போடுங்கள். நீளும்போது ஓரத்தில் ஆரஞ்சுப் பழத்தோல்போல் புள்ளிகள் எழும். அது இயல்புதான், ஆனால் தேய்த்து எடுத்துவிடுவது பாதுகாப்பு.

கூம்பு வடிவம் வந்தபின் மாண்ட்ரலோடு மல்லுக்கட்டுவதைவிட ரிடக்ஷன் டை வைத்துக்கொள்வது நல்லது. சரிவான குழி கொண்ட எஃகுக் கட்டை அது; ஒரு பக்கம் 25 டிகிரி, மறுபக்கம் 17 டிகிரி சரிவு என்று வரும். அகன்ற விளிம்புப் பக்கத்தைக் குழிக்குள் வைத்து, மேலே பிளாஸ்டிக் கட்டை வைத்துப் பிரஸ்ஸால் மெல்ல அழுத்தினால் விளிம்பு சுற்றிலும் சமமாகச் சுருங்கும். முதலில் 25, பிறகு 17. குழியில் வாஸ்லின் லேசாகத் தடவிக்கொண்டால் எழுத்துகள் உரசி மழுங்காது. அடுத்த இளக்கலுக்கு முன் அதைக் கழுவிவிட வேண்டும். ஒரே அழுத்தில் அரை மி.மீ.க்கு மேல் சுருக்கப் பார்த்தால் விளிம்பு அலை அலையாக மடிந்துவிடும். அந்த அலை நாணயத்துக்குள் பதிந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு. விளிம்பைச் சுருக்கியபின் திருப்பிப்போட்டுத் துளைப்பக்கத்தை மாண்ட்ரலில் விரித்து, மறுபடி விளிம்பைச் சுருக்கி, இப்படி மாற்றி மாற்றிச் செய்தால் சரிவு குறைந்து பக்கங்கள் நேராகும். காலிபரால் இரு வாயையும் அளந்து 0.2 மி.மீ.க்குள் வித்தியாசம் வந்தால் போதும்.

கடைசிக் கட்டம் முடிந்தபின் இளக்காதீர்கள். தட்டி இறுகிய நிலையில்தான் மோதிரம் விரலில் வளையாமல் நிற்கும். இதற்காகவே கடைசி அரை மி.மீ. அளவை இறுகிய நிலையில் பிடிக்கும்படி திட்டமிடுங்கள்.

இதெல்லாம் அண்மைக் காலத்துக் கருவிகளோடு வந்த வழி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையினரும் படைவீரர்களும் செய்தது வேறு. வெள்ளி நாணயத்தை விளிம்பில் நிறுத்தி, கரண்டியின் முதுகால் சுற்றிச் சுற்றி மணிக்கணக்கில் தட்டினார்கள். விளிம்பு காளான் தலைபோல் இருபுறமும் பரந்து பட்டையாகும், விட்டம் குறையும். வேண்டிய அகலம் வந்ததும் நடுவைத் துளைத்து எடுத்துவிடுவார்கள். வெளியே வழவழப்பான வெள்ளிப் பட்டை, உள்ளே விளிம்பெழுத்துகள். அந்த வழியில் துளையோரம் நீள்வதே இல்லை. உலோகம் அமுக்கப்படுகிறது, இழுக்கப்படுவதில்லை. அதனால் விரிசலும் அரிது. டார்ச்சும் டையும் இல்லாதவர்கள் இன்றும் ஒரு கரண்டியோடும் எஃகுத் துண்டோடும் இதைச் செய்யலாம். வெளியே சித்திரம் இருக்காது என்பதுதான் விலை.

மெருகுக்கு வருவோம். துளையோரம் நீண்டு மெலிந்திருக்கும், விளிம்போரம் தடித்திருக்கும். இரண்டையும் 400, 600, 1000 நம்பர் தாளில் உருட்டி எடுங்கள், விரலில் வெட்டாது. எழுத்தைத் தூக்கிக் காட்டக் கருமை ஏற்றுவது உதவும். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைச் சூட்டோடு மசித்து, மோதிரத்தோடு மூடிய டப்பாவில் வைத்தால் அதிலிருந்து வரும் கந்தக ஆவியே போதும். ஒரு இரவில் கருத்துவிடும். நகைக்கடைக்காரர்கள் பொட்டாசியம் சல்ஃபைடு கரைசல் வைப்பார்கள், அது நிமிடத்தில் முடியும், நாற்றம் மட்டும் தாங்க வேண்டும். பிறகு வெள்ளி துடைக்கும் துணியால் மேடுகளை மட்டும் தேய்த்தால் எழுத்து வெளுத்து, பள்ளம் கருமையாக நிற்கும். சுழலும் பஃப் சக்கரத்தில் அழுத்திப் பிடிக்காதீர்கள். இவ்வளவு பாடுபட்டுக் காத்த எழுத்தை அது அரை நிமிடத்தில் மொழுக்கிவிடும்.

எல்லாம் பார்த்துச் செய்தும் துளையோரத்தில் விரிசல் விழுந்துவிட்டால், அதற்குமேல் ஒரு அடிகூட அடிக்காதீர்கள். விரிசல் ஒரு மி.மீ.க்குள் இருந்தால் அந்த ஓரம் முழுவதையும் தட்டையான கல்லின்மேல் விரித்த உப்புத்தாளில் தேய்த்து, விரிசலின் நுனி மறையும்வரை குறைத்துவிடலாம். மோதிரம் ஒரு மி.மீ. ஒடுங்கும், அவ்வளவே. எழுத்துகள் மறுபுறத்து விளிம்பில் இருப்பதால் அவற்றுக்குச் சேதமில்லை. அதைவிட ஆழமாகப் போயிருந்தால் இளக்கி, விரிசலை மூடி அழுத்தி, வெண்காரம் தடவி, வெள்ளிப் பொடி (ஒட்டு வைக்கும் வெள்ளிக் கலவை) வைத்து டார்ச்சால் ஊதி ஒட்டலாம். ஒட்டின் கோடு தெரியும். அந்த மோதிரத்தை இனி பெரிதாக்கவும் கூடாது.